யானை இழுத்தாலும்

"அச்சியெங் அப்பா, நீங்க செஞ்ச சமையலறை அலமாரிக் கதவு மறுபடியும் மூலையில வாயைப் பிளந்துடுச்சு" என்றாள் மனைவி அபோண்டி.

"நம்ம கிசுமு ஊரோட ஏரிக் காத்தும்மா. ஈரம் பட்டா மரம் அப்படித்தான்" என்றார் ஒக்வேனோ.

"அப்ப என் தம்பியைக் கூப்பிடவா? அவனுக்குத் தச்சு வேலை தெரியும்."

ஒக்வேனோவுக்குச் சுருக்கென்றது. "நான் செஞ்ச கதவை உன் தம்பி தொடுறதா? தள்ளு!"

பழைய ஆணிகளைப் பிடுங்கி எறிந்தார். மூட்டுகளில் பசை தடவி, மர முளை அடித்து, நான்கு மூலையிலும் இரும்புத் தகடு வைத்து முடுக்கினார்.

"யானை இழுத்தாலும் அசையாது!" என்று மார்தட்டினார்.

மறுநாள் அபோண்டி அலமாரியைப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் ஒக்வேனோ டீ போட்டார். டம்ளரோடு வந்து, வழக்கம்போல கதவின் மூலையைப் பிடித்து இழுத்தார். ஊஹூம். காலை ஊன்றி இழுத்தார். முளை முனகக்கூட இல்லை.

வாசலில் அபோண்டி நின்றிருந்தாள்.

"டாக்டர் உங்களைச் சர்க்கரையைத் தொடக் கூடாதுன்னாரேன்னுதான் பூட்டி வெச்சேன். ஒரு மாசமா ஏரிக் காத்து அள்ளித் தின்னுட்டிருந்துச்சு. இனி அதால முடியாது. என்ன உறுதி! என் தம்பிக்குக்கூட இப்படி வராதுங்க!"