இரண்டாவது அட்டை

சண்டையால் நாற்பது நாள் மூடிக் கிடந்த படகுத்துறை அன்றுதான் திறந்தது. வாவியைக் கடந்து பழுகாமத்துக்கு வந்த மருத்துவமாது பாலசுந்தரி, கிளினிக் வாசலில் முதல் ஆளாக, கையில் ஒரு பிள்ளையோடு நின்ற கண்ணகையைக் கண்டாள்.

கண்ணகையின் இரட்டை ஆண் பிள்ளைகள் ஒரே நஞ்சுக்கொடியில் வளர்ந்தவர்கள். ஒருவனின் இரத்தம் மற்றவனுக்கு ஓடியதால், ஒருவன் வெளிறிச் சுருங்கியும் மற்றவன் சிவந்து ஊதியும் பிறந்திருந்தார்கள்.

"மற்றவன் எங்க புள்ள?"

"மாமிக்கிட்டக் கிடக்கான் மிஸி. இவன நிறுங்க, அவனக் கொண்டு வாறன்."

பாலசுந்தரி பிள்ளையைத் துணியோடு நிறுத்து, அட்டையில் எழுதி, அட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பால்மா டின் கொடுத்தாள். சற்று நேரத்தில் கண்ணகை வேறு துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்தாள். புருவத்துக்கு மேல், முதல் பிள்ளைக்கு இருந்த அதே நுளம்புக் கடித் தடிப்பு. தராசு முள்ளும் அதே இடத்தில் நின்றது.

வெளிறினவன் தங்கமாட்டான் என்று பாலசுந்தரி பிரசவம் பார்த்த அன்றைக்கே நினைத்ததுதான். அட்டை ஒருநாள் பொய் சொன்னால் குடி முழுகிவிடாது. இரண்டாவது அட்டையில் அரைக் கிலோ குறைத்து எழுதி, இன்னொரு டின்னையும் நீட்டினாள்.

கண்ணகை விம்மினாள். பிள்ளை நனைத்திருந்தது. மாற்றிவிடலாமென்று பாலசுந்தரி துணியை அவிழ்த்தாள்.

பெண் பிள்ளை.

"வெளிறினவன் மூணாம் நாள், சிவந்தவன் ஏழாம் நாள், எண்ட ரெண்டும் போயிட்டானுகள் மிஸி. செல் விழுந்து இடிஞ்ச வீட்டுல, செத்த தாய்ட மாருல இது கிடந்திச்சு. எனக்கும் பால் வத்திட்டு. இதுக்குத்தான் அட்டை இல்ல."