முதல் கிளாஸ்

"உது முதல் கிளாஸ், விக்கிறதில்லை அண்ணை. நான் வேறை போத்தில் தாறன்."

மேசை மூலையில், வைரவர் படத்துக்குக் கீழே நுரை பொங்க நிறைத்து வைத்திருந்த கிளாஸைத்தான் இளையதம்பி கேட்டிருந்தான். குளிர்பானம் விற்கிற அந்தக் கூல்பாரில் நின்ற பெண் செல்வநாயகி சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். சாமிக்கு வைத்ததைக் கேட்டுவிட்டோமே என்று அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து கரவெட்டிக்கு வந்த மூன்று வருடத்தில் அவனும் மனைவி இராசமலரும் யாழ்ப்பாணப் பட்டணம் பார்க்க வெளிக்கிட்டது இன்றைக்குத்தான். அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றி விடியவே மிதிக்கத் தொடங்கி, நல்லூரில் கும்பிட்டு, கடைத்தெருவெல்லாம் சுற்றியாயிற்று. பொருளாதாரத் தடையால் கொழும்புச் சோடா கண்ணிலும் படாத தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. புதுக்கடையொன்றில் பனங்கட்டி போட்டு ஜிஞ்சர் பியர் காய்ச்சி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இராசமலர் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பட்டணம் பார்க்க வந்தவன் பட்டணத்தையா பார்த்தான்? காலையிலிருந்து மூன்று பேரை அண்ணன் பொன்னம்பலம் என்று நினைத்து மறித்துவிட்டான். மூன்றாமவர் ஒரு பாதிரியார்.

அண்ணன் போய் எட்டு வருடம். புயலில் படகு கவிழ்ந்த இருட்டில், அண்ணனின் கை இவன் கைக்குள் இருந்தது. பெரிய அலையொன்று வந்து போனபோது இல்லை. ஐந்தாம் நாள் கரையொதுங்கிய உடலில் முகமே மிஞ்சவில்லை. உடுத்திருந்த சாரத்தைப் பார்த்து அடையாளம் சொல்லி, கொள்ளியும் இவனேதான் வைத்தான். கையை அலை பிடுங்கியதா, தன் உயிருக்குப் பயந்து தானே விட்டானா என்ற கேள்வி அன்றிலிருந்து இவனை நித்திரை கொள்ள விட்டதில்லை.

"குடியுங்கோவன், காத்துப் போகப்போகுது" என்றாள் இராசமலர்.

ஒரு மிடறு குடித்தான். மூக்கில் ஏறியது. இஞ்சி தொண்டையைச் சுட்டது. பிறகு அடிநாக்கில் மெல்லிய ஒரு கருகல் கசப்பு. அவன் போத்தலைத் தூக்கி மணந்து பார்த்தான்.

"சுட்ட தேசிக்காய்த் தோல்... அண்ணைதானப்பா இப்பிடிப் போடுறவர். கடலுக்குக் கொண்டு வாற போத்திலிலை இதே கசப்புத்தான்."

"தொடங்கிட்டியள். எல்லாத்திலையும் அவரைத்தான் காணுறியள். இண்டைக்கு ஒருநாள் எண்டாலும் அவரை விடுங்கோவன்."

"ஒருக்கா விட்டதாலைதானே இந்தப் பாடு" என்றான். அவள் எழுந்து சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவன் செல்வநாயகியைக் கூப்பிட்டான். "பிள்ளை, இதை ஆர் காய்ச்சினது?"

"பின்னாலை ஒரு ஐயா நிக்கிறார், அவர்தான். இந்தியாவிலை அகதி முகாமிலை கிடந்திட்டுப் போன மாதம்தான் வந்தவர். பாவம், இஞ்சை சொந்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம்."

அண்ணன் எப்போதாவது அக்கரை இந்திய மீனவர் யாருக்காவது பக்குவம் சொல்லிக் கொடுத்திருப்பார், அவர்களிடம் இந்த ஆள் பழகியிருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான். கொள்ளி வைத்தவனுக்குத் தெரியாதா, செத்தது யார் என்று? நாலாவதாய் ஒருவரைப் போய் மறிக்க வெட்கமாயிருந்தது. இருந்தாலும், போத்தலில் மிச்சத்தையும் குடித்து முடித்த பிறகும், அந்தக் கசப்பு உண்மையில் நாக்கில் இருந்ததா, இல்லைத் தன் புத்திதான் பேதலித்துவிட்டதா என்று தெரியாமல் எழுந்து போக முடியவில்லை.

"இன்னொண்டு தாங்கோ பிள்ளை."

"முடிஞ்சுது அண்ணை. இனி நாளைக்குத்தான்." வெறும் போத்தல்களை அள்ளிக்கொண்டு அவள் கிணற்றடிக்குப் போனாள்.

கடையில் அவனும் வைரவரும்தான். கிளாஸின் நுரை அடங்கி, அடியில் கறுப்பாய் ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் தெரிந்தது. ஒரேயொரு மிடறு. வைரவர் கோபித்தால் கோபிக்கட்டும். அவன் எட்டிக் கையை நீட்டினான்.

விரல் கிளாஸில் பட்டதுதான் தாமதம், கடையின் பின்பக்கத்தை மறைத்துக் கட்டியிருந்த சாக்கு அசைந்தது. சாக்குக்குப் பின்னால் நின்றவருக்கு இவனுடைய கை மட்டுந்தான் தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருடமாய் இளையதம்பி கனவில் மட்டுமே கேட்ட குரல் அங்கிருந்து பதறிக்கொண்டு வந்தது:

"ஐயோ, உதைத் தொடாதையுங்கோ! உது நான் கடலிலை கையை விட்ட என்ரை தம்பிக்கு வைச்சது."