நீல மேடு

அன்று அறையில் இருந்தவர்கள் ஓவியர் ஞானமுத்து, படம் பார்க்க வந்த அம்மாள், ஒரு பல்லி, ஆறு ஈக்கள்.

தட்டையாக வரைந்து சலித்துப்போன ஓவியர், கான்வாஸில் சாந்தை அப்பி மேடுமேடாக்கியிருந்தார். இரண்டு ஈக்களைத் தின்றுவிட்டு மூன்றாவதற்காக அங்கே பதுங்கிய பல்லியையும் மேடென்று நினைத்து, நீலம் பூசிவிட்டார்.

"ஐயா, இந்த நீல மேட்டில்தான் உயிரே இருக்கிறது!" என்றார் அம்மாள்.

பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. வாலைக்கூட அசைக்காமல் இருந்தது.

ஓர் ஈ அதன் மூக்கில் உட்கார்ந்தது. "என்னண்ணே, பசிக்கலையா?"

"பசி உயிரை வாங்குது. அசைஞ்சா படம் கெட்டுப்போகும்டா," என்றது பல்லி, வாயைத் திறக்காமலே.

ஈக்குக் கொண்டாட்டம். மற்ற ஈக்களையும் பல்லியின் முதுகுக்குக் கூப்பிட்டது.

"அடடா, இந்தக் கறுப்புப் புள்ளிகள் இன்னும் அழகு!" என்றார் அம்மாள்.

ஈக்களும் இறக்கையை மடக்கிக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டன. பல்லி தின்னாமல் மிஞ்சியவை நான்கு.