கம்பியைப் பிடுங்கிய பிறகு

சுரங்கக் கழிவால் மலாவி ஏரியில் மீன்கள் சாவதைப் பற்றி அரை மணி நேரம் ஒலிவாங்கியில் பேசிவிட்டுத் தெம்வா வெளியே வந்தாள். அவளோடு சேர்ந்து அந்தச் சமூக வானொலியைத் தொடங்கிய லுசுங்கு, ஒலிபரப்புக் கருவியின் கம்பியோடு வாசலில் நின்றான்.

"நீ ஆரம்பிக்கும்போதே பிடுங்கிட்டேன் தெம்வா. ஒரு வார்த்தையும் வெளிய போகல. சுரங்கத்துக்காரங்க பிடுங்கச் சொன்னாங்க."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா!"

எதிரே கருவாடு விற்றவள் தன் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, பேரம் பேசிய பெண்களை அதட்டினாள். "சும்மா இருங்கடி, தெம்வாக்கா பேசுறாங்க!"

நிலையத்துக்குள் யாருமில்லை. லுசுங்கு செய்ததைத் தெம்வாவின் குரல் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது.

தெம்வா வாய் திறக்காமல் நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. வானொலியில் அவள் குரல் விம்மத் தொடங்கியது.