இழுத்து அளந்த புரோகிராம்

"ரெண்டும் ஒரே வேலைதானே? ஒண்ணுன்னு போடு, சம்பத்," என்றார் டேனரி முதலாளி கலீமுல்லா.

"அது எப்படி பாய் ஒண்ணாவும்?" தலைமைக் குமாஸ்தா வேதாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வந்த தோலைப் பதியறது ஒண்ணு. கழிச்ச தோலைப் பதியறது ஒண்ணு. ரெண்டு."

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த டேனரிக்குக் கம்ப்யூட்டர் வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் புரோகிராம் எழுதியவன் சம்பத், தற்காலிக ஊழியன். புரோகிராம் எவ்வளவு பெரியது என்று அளந்து சொல்லும்படி சென்னையிலிருந்து கலீமுல்லாவின் அண்ணன், பெரிய பங்குதாரர், கேட்டிருந்தார். அளவைப் பார்த்துத்தான் சம்பத்தின் வேலை நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் வேதாசலத்தின் மகள் மனோரமாவுக்கும் அவனுக்கும் கல்யாணம். அதனால் அந்தப் புரோகிராம் வளர்வதில் வருங்கால மாமனாருக்கு இருந்த அக்கறை, அதை எழுதியவனுக்கே இல்லை.

அளக்கும் முறையைச் சம்பத் முதலிலேயே விளக்கியிருந்தான். எத்தனை வரி எழுதினோம் என்பது பேச்சே இல்லை. ஆபீசுக்கு அது எத்தனை வேலை செய்து கொடுக்கிறது என்பதே அளவு. உள்ளே போடும் விவரம் ஒன்று, வெளியே வரும் பட்டியல் ஒன்று, கேட்டால் சொல்லும் பதில் ஒன்று என்று எண்ணிக் கூட்ட வேண்டும்.

வேதாசலத்துக்கு அது போதும். ஈரத் தோலைப் பலகையில் இழுத்து ஆணியடித்து, காய்ந்தபின் கால் அடி கூடுதலாக அளந்து காட்டும் தொழிலில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். வேலைக்கு வராதவர் பட்டியலை ஆண், பெண் என்று இரண்டாக்கினார். கப்பலில் போகும் சரக்குக்கான கடிதத்தை அசல், நகல் என்று பிரித்தார். "மாமா, அது ஒண்ணுதான்" என்று சம்பத் இரண்டு முறை முணுமுணுத்தான். மாமா பார்த்த பார்வையில் மூன்றாவது முறை இருமலாக மாறிவிட்டது.

கலீமுல்லாவோ பிள்ளைக்குப் பென்சில் வாங்கித் தராத கஞ்சனைப் போல ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அவர் இரண்டை அடித்தால் வேதாசலம் மூன்றைச் சேர்த்தார்.

"இருபத்தொம்போது. இதோட நிறுத்திக்குவோம்."

"இன்னா பாய், நம்ம புரோகிராமை நாமளே கம்மியா காட்டலாமா?"

"இழுத்தது ஜாஸ்தி, வேதாசலம். கிழிஞ்சிடும்."

"கிழியாது. எந்த டிரம்முல எந்தத் தோலு ஊறுதுன்னு தேடறது, பார்ட்டிக்கு லெட்டர் போடறது, லீவு பாக்கறது, எல்லாம் நான் கையால பண்ணப்போ நாள் பூரா ஆச்சி. எழுதுங்க, ஒண்ணு விடக் கூடாது."

நாற்பத்தொன்றில் வந்து நின்றது. கலீமுல்லா பெருமூச்சு விட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். சம்பத்துக்கு வேலை நிரந்தரம் என்றார். சண்டையில் ஜெயித்த வேதாசலம், கையோடு கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவும் கேட்டார்.

"லீவு எதுக்கு வேதாசலம்?" கலீமுல்லா அண்ணனின் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "இருபது வந்தா சம்பத் பர்மனென்ட்டு. முப்பதைத் தாண்டினா தலைமைக் குமாஸ்தா தேவையில்லை, எண்ணி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லாதேன்னு அண்ணன் உத்தரவு. அதான் நானும் அடிச்சி அடிச்சிப் பாத்தேன், நீ விட்டாத்தானே?"