தட்டிக் கேட்டவர்

"நாற்பத்தெட்டாயிரமா? இந்தக் காசுக்குப் புது லேப்டாப்பே வந்துடுமேம்மா!"

செயலாளரின் குரல் தெருமுனை வரை கேட்டது. கடைக்காரப் பெண் தலை நிமிரவில்லை. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பழைய கீபோர்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "மதர்போர்டு போயிடுச்சு சார். அதான் அவ்வளவு ஆகும்."

"போன தடவை வந்தப்ப பாகம் வரலைன்னீங்க. அதுக்கு முந்தி வந்தப்ப ஆள் லீவுன்னீங்க. இப்ப மதர்போர்டா?"

"அவசரமில்லை சார். வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு மெதுவா வாங்க. அடுத்த மாசம்கூட வரலாம்."

"உங்களுக்கு அவசரமில்லை. எங்களுக்கு இருக்கே!"

அந்த வட்டாரத்து நுகர்வோர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தண்ணீர் ஒழுகிய ஃபிரிட்ஜை விற்றவர், பார்சலை உடைத்துக் கொடுத்த கூரியர்காரர், முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்த மண்டபக்காரர் எல்லோரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவருடைய சொந்தத் தங்கையின் லேப்டாப்பை இந்தச் சின்னக் கடை இழுத்தடிப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

தங்கை வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். "எங்க ஊர்ல நல்ல கடை இல்லைண்ணா. இங்க சரி பண்ணின கையோட கிளம்பிடறேன்" என்று லேப்டாப்பும் ஒரு பையுமாக வந்து இறங்கியிருந்தாள்.

"சரி, எழுத்துல குடுங்க" என்றார் செயலாளர். "என்ன பழுது, எந்தப் பாகம், அதுக்கு என்ன விலை, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா. கையெழுத்து, முத்திரையோட வேணும்."

"எழுத்துல தர முடியாதுங்க."

"ஏன் முடியாது? கேக்கறது என் உரிமை. தர வேண்டியது உங்க கடமை."

அவள் கீபோர்டின் அடுத்த திருகைக் கழற்றினாள். சார்ஜர் வாங்க வந்து நின்றிருந்த ஒருவர், "விடாதீங்க சார். இவங்களுக்கெல்லாம் உங்களை மாதிரி ஆள்தான் சரி" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் சார்ஜருக்குச் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

செயலாளரின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் குரல் பாதியாக இறங்கியது.

"சொல்லுங்க மாப்பிள்ளை... கடையிலதான் இருக்கேன்... இல்லையில்லை, இனிமே இழுக்காது. இன்னைக்கே வாங்கிடறேன்... கோபப்படாதீங்க மாப்பிள்ளை, அவ மேல தப்பில்லை, கடைக்காரங்கதான் சாக்குச் சொல்றாங்க... சாயங்காலம் பஸ் ஏத்தி விடறேன். நீங்க ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

கடைக்காரப் பெண்ணின் கையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

"கேட்டீங்களா? அங்கே அவர் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் செயலாளர். குரல் பழையபடி ஏறியது. "என் தங்கச்சி என்னடான்னா, 'விட்டுடுண்ணா, அவங்க குடுக்கறப்ப குடுக்கட்டும்'ங்கறா. வாயில்லாப் பூச்சி! தட்டிக் கேக்கத் தெரியாத இந்த மாதிரி ஆளுங்களாலதான் உங்க பிழைப்பே ஓடுது."

"சார், வேணும்னா விலையைக் குறைச்சு..."

"குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். என் கண் முன்னாடி அதைத் திறங்க. பழுதான பாகத்தை நான் பார்க்கணும்."

"வேண்டாம் சார். சொன்னாக் கேளுங்க."

"அப்ப நுகர்வோர் கோர்ட்டுல பார்த்துக்கலாம். நீங்க கடை போர்டைக் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரி ஆயிடும், சொல்லிட்டேன்!"

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து துணிப்பையோடு லேப்டாப்பை எடுத்து வந்தாள். மேஜையில் வைத்து, மூடியைத் திறந்து, பொத்தானை அழுத்தினாள்.

திரை பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தீங்களா!" செயலாளர் மேஜையைத் தட்டினார். "ஒரு கேடும் இல்லை! இதுக்கா நாற்பத்தெட்டாயிரம்?"

"இல்லைதான் சார். கொண்டு வந்த அன்னைக்கே இதுல ஒரு கேடும் இல்லை."

"பின்னே எதுக்கு என்னை இப்படி அலைய விட்டீங்க?"

"உங்க தங்கச்சிதான் கேட்டுக்கிட்டாங்க. முதல்ல பாகம் வரலைன்னு சொல்லச் சொன்னாங்க. நீங்க விடாம வரவும், நீங்களே மலைச்சுப் போற மாதிரி ஒரு விலையைச் சொல்லச் சொன்னாங்க. 'இது ரெடியாயிட்டா நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்க்கா'ன்னாங்க."

செயலாளர் லேப்டாப்பின் மூடியை மெல்லச் சாத்தினார்.

"'அங்க நடக்கறதை எல்லாம் உங்க அண்ணன்கிட்ட சொல்லலாமே'ன்னு நான்கூடக் கேட்டேன் சார்" என்றாள் அவள். "'போன வருஷமே அழுதுக்கிட்டே சொன்னேன்க்கா. ஆம்பளைன்னா நாலு அடி அடிக்கத்தான் செய்வான், நீதான் அனுசரிச்சுப் போகணும்னுட்டார்'ன்னாங்க."

செயலாளர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"மாப்பிள்ளை, பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வர வேண்டாம்" என்றார்.