டி-ஷர்ட் உத்தரவு

"இது என்னய்யா அநியாயம்?"

லாரிக்காரர் போட்ட சத்தத்தில் நீச்சல்குளமே திரும்பிப் பார்த்தது. லாரி ஓட்டுவதை விட்டுப் பத்து வருஷமாகியும், ஹாரன் மட்டும் அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

சுவரில் புதுப் பலகை. 'ஆண்களும் கறுப்பு டி-ஷர்ட் அணிந்தே குளத்தில் இறங்க வேண்டும். - மேலாளர்.'

"முப்பது வருஷமா வெறும் உடம்போட குதிச்சவங்க நாங்க. இந்த வயசுல எங்களை யாரு பார்க்கப் போறா?"

காலைக் குழுவின் மற்ற கிழங்களும் ஒத்து ஊதின.

மேலாளர், பாவம், சின்ன வயசுக்காரர். "சுகாதாரம் சார்..." என்று மென்று விழுங்கினார்.

"சுகாதாரமாவது மண்ணாங்கட்டியாவது!"

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் உள்ளே வந்தார், கறுப்பு டி-ஷர்ட்டில்.

மூன்று மாதமாக ஆளையே காணோம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவி, ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டுக்கொள்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சூழ்ந்துகொண்டார்கள்.

"ஊசி கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. முதுகுவலி போச்சு, ரத்தப் பரிசோதனையும் நல்லா வந்திருக்கு. ஆனா ஊசியால தசை கரையுமாம். சும்மா உட்காராதீங்க, நீந்துங்கன்னு டாக்டர் திட்டுறார்."

"அப்புறம் ஏன் வரலை?"

"சளி..."

"மூணு மாசமாவா?"

"அவனை விடுங்கடா!" லாரிக்காரர் குறுக்கே பாய்ந்தார். "முதல்ல இந்தப் பலகைக்கு ஒரு வழி சொல்லுங்க!"

தையல்காரர் தொப்பென்று குதித்தார். ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்க எழுந்தவருக்கு வாயெல்லாம் பல். பார்த்தவர்களுக்கும் மனசு நிறைந்துபோனது.

எல்லோரும் கிளம்பியபின், லாரிக்காரர் மேலாளரின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரொம்பத் திட்டிட்டேனா தம்பி?"

"என்ன சார் நீங்க! பலகை மாட்டச் சொல்லிக் கெஞ்சினதே நீங்கதான். கடைசியில என்னையே..."

"வேற வழியில்ல. அந்த ஊசியில அவனுக்கு மார் பெருத்துப் போச்சு. எங்க முன்னாடி சட்டையைக் கழட்டக் கூசிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அவன் சம்சாரம்தான் எங்கிட்ட ரகசியமாச் சொல்லுச்சு; பலகைச் சேதியை அவன் காதுல போட்டதும் அதுதான். அவன் மட்டும் போட்டுக்கிட்டு வந்தா, ஏன் ஏன்னு குடைஞ்சு எடுத்துடுவானுங்க."

"அது சரி சார். நீங்களே ஏன் சண்டைக்கு வர்றீங்க?"

லாரிக்காரர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் கத்தலேன்னா, எனக்கு விஷயம் தெரியும்னு அவன் கண்டுபிடிச்சிடுவான் தம்பி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே திட்டுவேன், பொறுத்துக்குங்க."